நிற்கும் எஞ்சினில் ஹெட்லைட் எரியலாமா? ஆறு வருட அனுபவம்

என் மாடல் ரயில் லேஅவுட் ஹெச்ஓ அளவு, அதாவது நிஜ ரயிலில் 87-ல் ஒரு பங்கு (1:87). 1950களின் அமெரிக்க ஒற்றைப் பாதை, நடுவில் எதிர் வண்டிக்கு வழிவிட்டு ஒதுங்க இரண்டு லூப் லைன், ஒரு சின்ன யார்டு. ஜிபி7, ஜிபி9 டீசல்களாக ஒன்பது எஞ்சின்கள். ஆறு வருடமாக எல்லாம் டிசிசியில், அதாவது ஒவ்வொரு எஞ்சினுக்குள்ளும் இருக்கும் டிகோடருக்குத் தனித்தனியாகக் கட்டளை அனுப்பும் டிஜிட்டல் முறையில், ஓடுகின்றன.

பழைய டிசி கன்ட்ரோலர் வைத்திருந்தபோது இந்தக் கேள்வியே வரவில்லை. வண்டியை நிறுத்தினால் தண்டவாளத்தில் கரன்ட் போய்விடும், விளக்கும் அணைந்துவிடும். டிசிசியில் தண்டவாளத்தில் எப்போதும் 14 வோல்ட் அளவுக்கு இருக்கிறது. ஹெட்லைட்டுக்கான எஃப்0 பட்டனை அழுத்திவிட்டால் எஞ்சின் நின்றாலும் விளக்கு நிற்பதில்லை.

முதல் வருடம் எல்லாவற்றையும் எரியவிட்டேன். அறையை இருட்டாக்கிவிட்டுப் பார்க்க அவ்வளவு அழகு! ஆனால் நண்பர்களோடு சேர்ந்து ஓட்டியபோது எது கிளம்பப் போகிறது, எது சும்மா நிற்கிறது என்று யாருக்கும் தெரியவில்லை. இரண்டு முறை நேருக்கு நேர் மோதவே பார்த்தோம்.

அப்புறம்தான் அமெரிக்க ரயில்வேக்களின் பழைய விதி 17-ஐப் படித்தேன். எதிர் வண்டிக்கு வழிவிட லூப் லைனுக்குள் முழுதாக வந்து நின்றதும் ஹெட்லைட்டை அணைத்துவிட வேண்டும். எதிரே வரும் டிரைவருக்கு அதுதான் செய்தி: மெயின் லைன் காலி. விளக்கு இன்னும் எரிந்தால் வண்டியின் வால் வெளியே கிடக்கலாம். எல்லா எஞ்சினிலும் ரேடியோ வராத காலத்தில் இது எத்தனை பெரிய விஷயம்! இப்போது எங்கள் வீட்டிலும் அதே வழக்கம்தான். லூப்பில் நிற்பவர் கடைசி வேகன், தடம் பிரியும் பாயின்ட்டைத் தாண்டியதைக் கண்ணால் பார்த்துவிட்டு விளக்கை அணைப்பார். அதுவரை எதிரே இருப்பவர் த்ராட்டிலைத் தொட மாட்டார்.

யார்டில் ஷன்டிங் செய்யும் எஞ்சினுக்கு முன்னும் பின்னும் விளக்கு மங்கலாக, அதாவது டிம். பல டிகோடர்களில் இந்த டிம் வசதி 'ரூல் 17' என்ற பெயரிலேயே இருக்கிறது. ஆள் இல்லாமல் ஓரமாக நிற்கும் எஞ்சினுக்கு விளக்கே வேண்டாம்.

இதை நான் கற்றது நஷ்டப்பட்டுத்தான். இரண்டாம் வருடம், கைமாறி வந்த ஒரு ஜிபி9-ல் 12 வோல்ட் பல்பு இருந்தது. மூன்று மணி நேரம் நின்ற இடத்திலேயே எரிந்ததில் சூடேறி, மூக்குக்கு மேலே பிளாஸ்டிக் குழைந்து பள்ளம் விழுந்துவிட்டது. அதன் பிறகு எட்டு எஞ்சின்களுக்கு வார்ம் ஒயிட் எல்இடி, தலா ஒரு 1 கிலோ ஓம் ரெசிஸ்டர். நாலு வருடத்தில் ஒன்றுகூடப் போகவில்லை. நீல வெளிச்சம் அடிக்கும் எல்இடியை மட்டும் வாங்காதீர்கள், அந்தக் காலத்து எஞ்சினுக்குச் சுத்தமாகப் பொருந்தாது.

வேகத்தைக் கூட்டக் கூட்ட விளக்கு அணைந்து அணைந்து எரிந்தால் பல்பைச் சந்தேகிக்க வேண்டாம். கன்ட்ரோலர் வேகத்தை 28 படியில் பேசுகிறது, டிகோடர் 14 படியில் கேட்கிறது. டிகோடரில் சிவி29 என்ற செட்டிங்கில் இருக்கும் எண்ணோடு 2-ஐக் கூட்டினால் சரியாகிவிடும். எனக்கு 4 இருந்தது, 6 ஆக்கினேன்.

நிற்கும் எஞ்சினில் விளக்கை ஏற்றுவதற்கு ஒரு நல்ல காரணமும் உண்டு. ஓட்டத் தொடங்கும் முன் விளக்கைப் போட்டு, எஞ்சினை விரலால் லேசாக அசைத்துப் பார்ப்பேன். மினுக்கினால் சக்கரத்திலோ தண்டவாளத்திலோ அழுக்கு. வண்டி நடுவழியில் திக்கி நிற்பதற்கு முன்பே துடைத்துவிடலாம். கரன்ட் சற்று விட்டுப்போனாலும் தாங்கும் கீப்-அலைவ் கெப்பாசிட்டர் போட்ட எஞ்சினில் மட்டும் இந்தச் சோதனை எடுபடாது. அது மினுக்கலை மறைத்துவிடும்.

ஒன்பதாவது எஞ்சினான ஜிபி7 இன்னும் பழைய பல்பிலேயே இருக்கிறது. அதன் மஞ்சள் ஒளியும், அணைக்கும்போது மெல்ல மங்குவதும் எனக்கு எல்இடியில் கிடைக்கவில்லை. ஓடும்போது மட்டும் ஏற்றுகிறேன், நின்ற உடனே எஃப்0.