குடலிறக்கத்துக்குத் திறந்த அறுவையா, நுண்துளை அறுவையா?

பித்தப்பைக் கல்லைப் பொறுத்தவரை இந்தக் கேள்வி இன்று பெரும்பாலும் எழுவதில்லை. 1985இல் ஜெர்மனியில் எரிக் மூஹே நுண்துளை வழியாகப் பித்தப்பையை அகற்றியதும், 1990இல் மும்பையில் டாக்டர் தெஹம்டன் உத்வாடியா அதை இந்தியாவில் தொடங்கிவைத்ததும் பழைய செய்திகள். இப்போது தஞ்சாவூரிலும் கும்பகோணத்திலும் பித்தப்பையை எடுக்க வேண்டும் என்றாலே லேப்ராஸ்கோப்பி என்னும் இந்த நுண்துளை முறையைத்தான் முதலில் சொல்கிறார்கள். குடல்வால் அழற்சிக்கும் ஏறத்தாழ இதுவே நிலை. தொடையிடுக்கில் குடல் இறங்கும் ஹெர்னியாவில்தான் இரண்டு வழிகளும் இன்றுவரை அருகருகே நிற்கின்றன. அவற்றில் ஒன்றை எனக்காக நான் தேர்ந்தெடுக்க வேண்டி வந்தபோது நுண்துளை வழியையே தேர்ந்தெடுத்தேன். என் சாய்வு அந்தப் பக்கம்தான் என்பதை முன்கூட்டியே அறிந்துகொண்டு இதைப் படிப்பது நல்லது.

அதற்கு முன் ஒரு சிறு விளக்கம் தேவைப்படுகிறது. யானைக்கால் நோய் நெடுங்காலம் இருந்த கும்பகோணம் வட்டாரத்தில், கவட்டைப் பக்கம் வீக்கம் என்றாலே விரைவீக்கம் என்று முடிவுகட்டிவிடும் வழக்கம் பெரியவர்களிடம் உண்டு. விரையைச் சுற்றி நீர் கோப்பது வேறு, வயிற்றுச் சுவரின் பலவீனமான இடத்தின் வழியே குடல் இறங்குவது வேறு. நின்றாலோ இருமினாலோ வெளியே தள்ளி, படுத்தால் உள்ளே போகும் வீக்கம் பெரும்பாலும் குடலிறக்கமே. அது உள்ளே போகாமல் இறுகி, வலியும் வாந்தியும் சேர்ந்துவிட்டால் எந்த வழி என்று ஒப்பிட்டுக்கொண்டிருக்க நேரமில்லை. உடனே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும். நான் இங்கே பேசுவது, நிதானமாக நாள் குறித்துச் செய்துகொள்ளக்கூடிய அறுவையைப் பற்றி மட்டுமே.

திறந்த அறுவையில் தொடையிடுக்கின் மேல் நேரடியாக ஒரு வெட்டுப் போட்டு, இறங்கிய பையை உள்ளே தள்ளி, பலவீனமான சுவரின் வெளிப்பக்கத்தில் பாலிப்ரொப்பிலீன் என்ற பிளாஸ்டிக் இழையால் ஆன வலையை வைத்துத் தைக்கிறார்கள். 1980களில் அமெரிக்க மருத்துவர் இர்விங் லிக்டென்ஸ்டைன் பரப்பிய முறை இது. நுண்துளை அறுவையிலும் அதே வகை வலைதான். வைக்கும் இடம்தான் மாறுகிறது. தொப்புளை ஒட்டி 10 மி.மீ. துளை ஒன்றும், 5 மி.மீ. துளைகள் இரண்டும் இட்டு, கரியமில வாயுவைச் செலுத்தி இடம் உண்டாக்கி, கேமராவில் பார்த்தபடி தசைச் சுவரின் உட்பக்கத்தில் சுமார் 15 செ.மீ. நீளமும் 10 செ.மீ. அகலமும் உள்ள வலையை விரிக்கிறார்கள். இதிலும் இரண்டு வகைகள் உண்டு: வயிற்றறைக்குள் நுழைந்து செய்வது டி.ஏ.பி.பி.; வயிற்றறைக்குள் நுழையாமல், தசைக்கும் வயிற்று உள்ளுறைக்கும் இடைப்பட்ட பகுதியிலேயே செய்து முடிப்பது டி.இ.பி. எனக்குச் செய்தது இரண்டாவது வகை. இந்த இரண்டில் எது என்பதை அறுவை மருத்துவரின் பழக்கத்துக்கு விட்டுவிடலாம் என்பது என் கருத்து.

வலையை உட்பக்கத்தில் வைப்பதன் பயனை, வாய்க்கால் கரை உடைப்பை அடைத்துப் பழகிய எவரும் எளிதில் புரிந்துகொள்வார்கள். தண்ணீர் நிற்கும் பக்கத்திலிருந்து மூட்டையை வைத்தால், தண்ணீரின் அழுத்தமே அதைக் கரையோடு சேர்த்துப் பிடித்துக்கொள்கிறது. வயிற்றின் உள்ளழுத்தமும் வலையை அப்படியே சுவரோடு அழுத்துகிறது.

ஆனாலும் என் முடிவுக்குக் காரணம் அது மட்டுமல்ல. மீண்டும் குடல் இறங்கும் வாய்ப்பை எடுத்துக்கொண்டால், பழகிய கையில் இரண்டு முறைகளுக்கும் பெரிய வேறுபாடு இல்லை. தழும்பின் அளவு எனக்கு ஒரு பொருட்டே அல்ல. நான் திரும்பத் திரும்ப யோசித்தது ஒன்றைத்தான்: வயலில் குனிந்து நிமிர்ந்து செய்யும் வேலைக்கு எப்போது, எந்த அளவு வலியோடு திரும்புவேன் என்பது. வரப்பு வெட்டுவது, நாற்று முடியைத் தூக்கி வீசுவது, மடையில் குந்தி அமர்ந்து மண் அணைப்பது எல்லாமே தொடையிடுக்கை மடக்கி விரிக்கும் வேலைகள். திறந்த அறுவையின் வெட்டு சரியாக அந்த மடிப்பை ஒட்டி விழுகிறது. அந்தப் பாதையில் மூன்று சிறு நரம்புகள் ஓடுகின்றன. அவற்றில் ஒன்று வலையோடோ தையலோடோ சிக்கிக்கொண்டால் மரத்துப்போவதும் சுரீரென்ற வலியும் மாதக்கணக்கில் நீடிக்கலாம். குடலிறக்க அறுவைக்குப் பிறகு ஏறத்தாழ பத்தில் ஒருவருக்கு மூன்று மாதம் கடந்தும் தொந்தரவு தரும் வலி இருப்பதாக மருத்துவ வழிகாட்டுதல்கள் சொல்கின்றன. நுண்துளை முறையிலும் அது அறவே இல்லை என்று சொல்லிவிட முடியாது. எனினும் குறைவு, வேலைக்குத் திரும்புவதும் விரைவு. திறந்த முறையில் செய்துகொண்ட என் பெரியப்பா மகன் இன்றும் களை பறிக்க உட்கார்ந்து எழும்போது அந்த இடத்தைக் கையால் அழுத்திக்கொள்கிறார். ஒருவரை வைத்து முறையை எடைபோடக் கூடாது என்பது தெரிந்திருந்தும், என் முடிவில் அவர் நிலைக்கும் பங்கு உண்டு.

ஜூன் 12இல் மேட்டூர் திறந்தால் குறுவை வேலை நம் வசதிக்காகக் காத்திருக்காது. அதனால் கோடையிலேயே செய்துகொண்டேன். தண்ணீர் வந்து சேர்ந்தபோது மடை திருப்பும் அளவுக்கு உடல் தேறியிருந்தது. கொள்முதல் நிலையத்தில் 40 கிலோ சிப்பத்தைத் தூக்குவதை மட்டும் மருத்துவர் சொன்னபடி அந்தப் போகம் முழுவதும் தவிர்த்தேன். எந்த முறையில் செய்துகொண்டவருக்கும் இது பொருந்தும். அறுவைக்குப் பின் எனக்கு வயிற்றைவிடத் தோள்பட்டைதான் வலித்தது. உள்ளே செலுத்திய வாயு, மார்பையும் வயிற்றையும் பிரிக்கும் தசையான உதரவிதானத்தை உறுத்துவதால் சிலருக்கு வருவது அது, தானாகவே மறைந்துவிட்டது.

என் வலப்பக்க வீக்கத்தைக் காட்டச் சென்றபோது இடப்பக்கத்திலும் தொடக்க நிலையில் ஒன்று இருப்பதைச் சோதனையில் கண்டார்கள். அதே மூன்று துளைகள் வழியாக இரண்டு பக்கங்களையும் ஒரே அமர்வில் சரிசெய்ய முடிந்தது. திறந்த முறையில் இரண்டு வெட்டுகள் தேவைப்பட்டிருக்கும். முன்பு திறந்த முறையில் செய்து மீண்டும் இறங்கியவர்களுக்கும், பழைய தழும்புத் திசுவைத் தொடாமல் உட்பக்கமாகப் போக முடிவதால், நுண்துளை வழியே பொதுவாகப் பரிந்துரைக்கப்படுகிறது.

செலவு நுண்துளை முறையில் கூடுதல்தான். காப்பீட்டு அட்டை வைத்திருப்பவர்கள், தங்கள் திட்டத்தில் எந்த முறைக்கு ஒப்புதல் கிடைக்கும் என்பதை நாள் குறிப்பதற்கு முன்பே மருத்துவமனையின் காப்பீட்டுப் பிரிவில் கேட்டு உறுதி செய்துகொள்ள வேண்டும். அதைவிட முக்கியமானது மருத்துவரின் பழக்கம். இந்த முறை கைவரப் பல பத்து அறுவைகள் தேவை என்பதால், இதை வழக்கமாகச் செய்பவர்தானா என்று தயங்காமல் கேட்கலாம். அப்படி ஒருவர் அருகில் இல்லையென்றால், திறந்த முறையில் கைதேர்ந்தவரிடம் செய்துகொள்வதே மேல். என் உடலில் உள்ள வலை இன்னும் பல ஆண்டுகளைக் காணவில்லை. ஆகவே நீண்ட காலத்தைப் பற்றி என் அனுபவத்தை வைத்து எதுவும் சொல்ல மாட்டேன்.

நுண்துளை முறைக்குப் பெரும்பாலும் முழு மயக்கம் தேவை. திறந்த அறுவையை முதுகில் ஊசி போட்டோ, அந்த இடத்தை மட்டும் மரத்துப்போகச் செய்தோ முடித்துவிடலாம். இதயமோ நுரையீரலோ பலவீனமாக உள்ளவர்களுக்கும், அடிவயிற்றிலோ புராஸ்டேட்டிலோ முன்பே அறுவை நடந்தவர்களுக்கும், விரைப்பை வரை பெரிதாக இறங்கிவிட்டவர்களுக்கும் கணக்கு மாறிவிடுகிறது. இதய நோய்க்கு மாத்திரை சாப்பிட்டுவரும் என் மாமனாருக்கு அண்மையில் இதே தொந்தரவு வந்தபோது, மயக்க மருத்துவரின் கருத்தைக் கேட்டபின், திறந்த அறுவைக்கே நாள் குறித்திருக்கிறோம்.