காலையில் மட்டும் நடுங்கும் பழைய கார்: நான் கண்டுபிடித்த விதம்

என் வண்டி 2006 மாடல், நான்கு சிலிண்டர் பெட்ரோல் ஹேட்ச்பேக். குரோம்பேட்டையில் வீட்டு வாசலில்தான் நிறுத்துகிறேன். வருடக்கணக்காக எந்தப் பெரிய வம்பும் வைக்காத வண்டி. ஒரு ஐப்பசி அடைமழைக்குப் பிறகு காலை ஸ்டார்ட்டிங்கில் மட்டும் மிஸ் அடிக்க, அதாவது ஏதோ ஒரு சிலிண்டர் சரியாக எரியாமல் விட ஆரம்பித்தது. செல்ஃப் எடுத்ததும் எஞ்சின் பிடித்துக்கொள்ளும். அடுத்த இரண்டு மூன்று நிமிடம் ஸ்டியரிங் நடுங்கும், சைலன்சர் சத்தம் விட்டு விட்டு வரும். சூடானதும் ஒன்றுமே நடக்காதது போல 800 ஆர்.பி.எம்மில் அமைதியாக நிற்கும்.

நம் ஊரில் தை மாத அதிகாலையே 20 டிகிரிக்குப் பக்கத்தில்தான் இருக்கும், இதில் குளிர் எங்கே என்று கேட்பார்கள். ஆனால் எஞ்சின் 90 டிகிரியில் ஓடுவதற்கென்று செய்யப்பட்டது. அதன் கணக்கில் 25 டிகிரியும் குளிர்தான். புகையில் மிஞ்சும் ஆக்சிஜனைப் பார்த்து பெட்ரோல் அளவு சரியா என்று சொல்லும் ஆக்சிஜன் சென்சார் அந்த நேரத்தில் சூடாகாமல் வேலைக்கு வராது. அதனால் எஞ்சினைக் கட்டுப்படுத்தும் கம்ப்யூட்டரான ஈ.சி.யு., வெப்பநிலை சென்சாரை நம்பி, ஒரு குத்துமதிப்பில் பெட்ரோலைக் கூட்டித் தருகிறது. எங்காவது ஒரு ரப்பர் சீல் வழியாகக் காற்று உள்ளே கசிந்தால் அதைத் திருத்த யாரும் இல்லை. சூடானபின் ஆக்சிஜன் சென்சார் ஓரளவு சமாளித்துவிடும், ரப்பரும் இளகி இடுக்கை அடைத்துக்கொள்ளும். கோளாறு அப்படியே இருக்க, அறிகுறி மட்டும் மறைந்துபோகும்.

ஷெட்டுக்குப் போனால் சிக்கலே இதுதான். வீட்டிலிருந்து ஜி.எஸ்.டி. ரோட்டில் கொஞ்ச தூரம் ஓட்டிப் போவதற்குள் எஞ்சின் சூடாகிவிடும். "சார், வண்டி நல்லாத்தானே நிக்குது" என்று மெக்கானிக் சொல்வார், அவர் பார்த்தவரை அது உண்மையும்கூட. த்ராட்டில் பாடி கழுவினார்கள், பிளக் மாற்றினார்கள், ஏர் ஃபில்டர் மாற்றினார்கள். நடுக்கம் போகவில்லை. கடைசியில் ஒரு மெக்கானிக்கிடம், "அண்ணே, வண்டி ராத்திரி இங்கேயே நிக்கட்டும். காலையில நான் வந்தப்புறம்தான் ஸ்டார்ட் பண்ணணும்" என்று கேட்டுக்கொண்டேன். இத்தனை வருட அனுபவத்தில் மற்றவர்களுக்கு நான் அழுத்திச் சொல்வது இந்த ஒன்றைத்தான். ஆறிய எஞ்சினை வைத்துத்தான் இதைத் தேட முடியும்.

ஸ்கேனர் உதவவில்லை. வண்டி தன் கோளாறைத் தானே பதிந்து ஸ்கேனருக்குச் சொல்லும் ஓ.பி.டி. வசதி நம் நாட்டில் கட்டாயமானதே பி.எஸ்-4 புகை விதி வந்த காலத்தில்தான், அதற்கு முந்தைய வண்டிகள் பலவற்றில் சாதாரண ப்ளூடூத் ஸ்கேனர் பேசாது. அதனால் கையால்தான் தேட வேண்டியிருந்தது.

முதலில் இருட்டில் பானெட்டைத் திறந்து, எஞ்சின் ஓடும்போது பிளக் வயர்கள் மேல் கொஞ்சம் தண்ணீரைப் புகை மாதிரித் தெளித்தோம். ஒரு வயரில் மெல்லிய நீலப் பொறி நெளிந்து எஞ்சின் உலோகத்துக்குத் தாவியது. ஈரக்காற்று அடிக்கும் சென்னையில் பழைய வயரின் உறை வெடித்தால் மின்சாரம் இப்படி வழி தவறும். ஜி.பி. ரோட்டில் புது செட் வாங்கி மாட்டியதும் மழை நாள் மிஸ்ஸிங் பெரிதும் குறைந்தது. ஆனால் வறண்ட காலையிலும் கொஞ்சம் நடுக்கம் மிச்சமிருந்தது.

அப்புறம் வெப்பநிலை சென்சார். மல்டிமீட்டரில் பார்த்தோம். ஆறிய நிலையில் 2 கிலோ ஓமுக்குச் சற்று மேல், சூடானதும் 300 ஓம் பக்கம். இது சரியான போக்குதான். இந்த சென்சார் பொய் சொன்னால் ஆறிய எஞ்சினைச் சூடானது என்று நினைத்து ஈ.சி.யு. பெட்ரோலைக் குறைத்துவிடும், அதனால் இதை விட்டுவிடக் கூடாது.

மறுநாள் காலை, எஞ்சின் நடுங்கும்போதே, ஒவ்வொரு சிலிண்டருக்கும் பெட்ரோல் பீய்ச்சும் இன்ஜெக்டர்களின் கனெக்டர்களை ஒவ்வொன்றாகக் கழற்றி மாட்டினோம். நல்ல சிலிண்டரில் கழற்றினால் ஆர்.பி.எம். சட்டென்று இறங்கும். மூன்றாவதில் கழற்றினால் எந்த மாற்றமும் இல்லை. வேலை செய்யாமல் இருந்தது அதுதான். பிளக் வயரைப் பிடுங்கிப் பார்க்கும் பழைய முறை வேண்டாம், எரியாத பெட்ரோல் போய், புகையைச் சுத்தப்படுத்தும் கேட்டலிட்டிக் கன்வர்ட்டரைக் கெடுக்கும். மூன்றாவது பிளக்கை இரண்டாவதோடு மாற்றிப் போட்டோம், கோளாறு இடம் மாறவில்லை, அதனால் குற்றம் பிளக்கில் இல்லை. அந்தப் பிளக்கின் முனையும் மற்றவற்றைவிட வெளுத்திருந்தது. காற்று அதிகம், பெட்ரோல் குறைவு என்பதற்கு அது அடையாளம். கம்ப்ரஷன், அதாவது சிலிண்டருக்குள் உண்டாகும் அழுத்தம், நான்கிலும் ஏறக்குறைய ஒன்றுதான்.

அடுத்து மெக்கானிக் கார்ப் கிளீனரை மூன்றாவது இன்ஜெக்டர் உட்காரும் இடத்தில் துளி அளவு பீய்ச்சினார். நடுக்கம் சில நொடி நின்று எஞ்சின் சீரானது. கிளீனரை அந்த இடுக்கு வழியாக உள்ளே இழுத்துக்கொண்டது என்று அர்த்தம். இது எளிதில் தீப்பிடிக்கும் பொருள். எஞ்சின் ஆறியிருக்கும்போது, வயர்களுக்குத் தள்ளி, தெரிந்தவர் மட்டுமே செய்ய வேண்டும். பெட்ரோல் லைனின் அழுத்தத்தை இறக்கிவிட்டு இன்ஜெக்டரைக் கழற்றினால், அதன் கீழ்ப்பக்க ரப்பர் வளையமான ஓ-ரிங் கறுத்து, கெட்டியாகி, நகத்தால் அழுத்தினால் பிளாஸ்டிக் போல உடைந்தது. மேல் ரிங் பெட்ரோலைத் தடுக்கும், கீழ் ரிங் காற்றைத் தடுக்கும். மேலே ஒழுகினால் வாசனையே காட்டிக்கொடுக்கும். கீழே கசிந்தால் இப்படித் தேடித்தான் பிடிக்க வேண்டும். நான்குக்கும் ரிங் மாற்ற சில நூறு ரூபாய்தான் ஆனது.

அதற்கப்புறம் மழைக்காலங்கள் வந்து போய்விட்டன. இப்போது காலையில் ஸ்டார்ட் செய்தால் 1,300 ஆர்.பி.எம். பக்கம் எழும்பி, நிதானமாக இறங்கி நிற்கிறது. முதல் சில நொடியில் ஒரு சின்ன அதிர்வு மட்டும் உண்டு. அதை நான் ஈ-20 பெட்ரோலோடு சேர்த்துப் பார்க்கிறேன். வெறும் பெட்ரோல் ஒரு பங்கு முழுதாக எரிய, எடைக் கணக்கில் 14.7 பங்கு காற்று போதும் என்ற கணக்கில் அமைந்த எஞ்சின் இது. 20 சதவீத எத்தனால் கலந்தால் அது 13.5 பக்கம் வரும். ஆக்சிஜன் சென்சார் விழிக்கும்வரை கலவை கொஞ்சம் மெலிவாகத்தான் இருக்கும். அந்த அளவு அதிர்வு எனக்குப் பிரச்சினையாகப் படவில்லை. ஆர்.பி.எம். முள் ஆடாமல் வண்டி மட்டும் உதறினால் எஞ்சினைத் தாங்கிப் பிடிக்கும் ரப்பர் மவுண்ட்டைப் பாருங்கள், அது வேறு கதை.

ஓ-ரிங் வாங்கும்போது எத்தனால் தாங்கும் வைட்டான் ரப்பரா என்று கேட்டு வாங்குங்கள். புதுப்பேட்டையில் பழைய இன்ஜெக்டர் எடுத்தால் அதில் இருக்கும் ரிங்கோடு மாட்டாமல், புது ரிங் போட்டே மாட்டுங்கள்.