எப்சன் எல்8050: கொழும்பு ஈரக்காற்றில் வீட்டிலேயே படம் அச்சிட

வாரத்துக்கு ஒருதரமாவது படம் அச்சிடுகிறவருக்கு இது நல்ல பிரிண்டர். பிறந்தநாளுக்கும் தீபாவளிக்கும் மட்டும் படம் போடுகிறவர் ஸ்டூடியோவுக்குப் போவதே இலாபம். சும்மா கிடந்தால் ஹெட், அதாவது மையைத் தாளில் தெளிக்கும் பகுதி, அடைத்துக்கொள்ளும். மைப் போத்தல் மாதிரி அதைக் கழற்றி மாற்ற முடியாது.

மை ஆறு நிறம். கறுப்பு, சியான், மஜெண்டா, மஞ்சளோடு வெளிர் சியான், வெளிர் மஜெண்டா. கொடுக்கிற காசு அந்தக் கடைசி இரண்டுக்கும்தான். நான்கு நிறப் பிரிண்டரில் கன்னமும் நெற்றியும் பொடிப் புள்ளியாய்த் தெரியும், இதில் இழைந்து வரும். 057 போத்தல் ஒன்றில் 70 மில்லிலீற்றர். பழைய எல்805க்கு உரியது 673, ஆகவே இலக்கத்தைப் பார்த்து வாங்குங்கள். ஸ்கேனர் கிடையாது, ஏ4க்கு மேல் போகாது. கறுப்பும் தாளில் ஊறிப் பரவும் சாய மைதான் என்பதால் கடிதம், நோட்ஸ் அடிக்க இதை வாங்காதீர்கள்.

படம் கெடுவது பெரும்பாலும் தாளால். பம்பலப்பிட்டி யுனிட்டி பிளாசா பக்கம் மலிவாகக் கிடைக்கும் 180 கிராம் குளோசி தாள்கள் பலவற்றின் பின்பக்கம் வெறும் கடதாசி. நம் ஊர் ஈரத்தை உறிஞ்சிச் சுருளும், உருளை இழுக்கும்போது கோணலாகப் போகும். இரண்டு பக்கமும் பிளாஸ்டிக் பூச்சுள்ள ஆர்சி தாள், 240 முதல் 260 கிராம் வரை, கேட்டு வாங்குங்கள். எது அச்சிடும் பக்கம் என்று குழப்பமா? ஈரவிரலால் மூலையைத் தொடுங்கள். ஒட்டுகிற பக்கம்தான் அது. மிச்சத் தாளை உறையிலேயே, சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு மூடி வையுங்கள்.

அடுத்த பிழை செட்டிங்கில். தாள் வகை ‘பிளைன்’ என்று கிடந்தால் எவ்வளவு நல்ல தாளிலும் கறுப்பு சாம்பலாகும். ‘பிரீமியம் குளோசி’ தெரிவுசெய்து, தரத்தை உயர்த்தி, ‘ஹை ஸ்பீட்’ அடையாளத்தை எடுத்துவிடுங்கள்; ஹெட் போகும்போதும் வரும்போதும் அடித்தால் நுண்கோடுகள் இரட்டிக்கும். நிறத்தை ஃபோட்டோஷொப் கையாண்டால் டிரைவரில் (கணினியில் உள்ள பிரிண்டர் மென்பொருளில்) அதை நிறுத்த வேண்டும். இரண்டும் சேர்ந்தால் முகம் சிவந்து போகும். படம் இருட்டாக வந்தால் பிரிண்டரைத் திட்டுமுன் மொனிட்டர் வெளிச்சத்தைக் குறையுங்கள்.

வட்ஸ்அப்பில் வந்த படம் சுருக்கப்பட்டது. டொக்கியுமென்ட் ஆக அனுப்பச் சொல்லுங்கள். 4ஆர் (4க்கு 6 அங்குலம்) அளவுக்கு 1200க்கு 1800 பிக்சல் வேண்டும். போன் படம் 4:3, 4ஆர் தாள் 3:2, அதனால் குறுகிய பக்கத்தில் ஒன்பதில் ஒரு பங்கு வெட்டுப்படும். குழுப் படத்தில் போவது ஆருடைய தலை என்று முதலே பாருங்கள்.

அச்சானதும் தொட்டால் காய்ந்தது மாதிரித்தான் இருக்கும். 24 மணித்தியாலம் விடாமல் ஃபிரேமில் போட்டால் கண்ணாடி உட்பக்கம் புகைபோல் மங்கும். சாய மை வெயிலிலும் திறந்த காற்றிலும் வெளிறும் என்பதால் கண்ணாடி கட்டாயம், ஆனால் படத்தில் முட்டாமல் இடையில் மட்டை வைக்க வேண்டும்.

கோடு விழுந்தால் நொசில் செக் (மைத் துளைகளைச் சோதிக்கும் அச்சு), பிறகு கிளீனிங் இரண்டு தரம், அவ்வளவுதான். திரும்பத் திரும்பச் செய்தால் மை கழிவுப் பஞ்சுக்குத்தான் போகும். ஒரு இரவு விட்டுப் பாருங்கள். உள்ளே போன காற்று பல நேரம் தானே விலகும். சுவரில் உள்ள சுவிச்சால் நிறுத்தும் பழக்கத்தை விடுங்கள். பிரிண்டரின் பட்டனை அழுத்தினால்தான் ஹெட் மூடிக்குள் போய் நிற்கும்.

கடவுச்சீட்டுப் படத்துக்கு இது உதவாது, அங்கீகாரம் பெற்ற ஸ்டூடியோதான். இந்திய வீசாவுக்கான 2 அங்குலச் சதுரப் படம் அடிக்கலாம். 4ஆர் தாளில் ஆறு கச்சிதமாக விழும் என்று கணக்குப் பார்ப்பீர்கள். ஓரமில்லாமல் அடித்தால் பிரிண்டர் படத்தைச் சற்றுப் பெருப்பிக்கும், அளவு பிழைக்கும். 3 மில்லிமீற்றர் ஓரம் விட்டால் 4ஆரில் இரண்டுதான். ஏ4இல் 20 வரும்.