ஸ்கூல் பையில பேர் போட்டுத் தர்றோம்னு 3,840 ரூபாயை முழுங்கிட்டாங்க. பொம்பளப் பிள்ளை வச்சிருக்கவங்க தயவுசெஞ்சு படிங்க

நேத்து ராத்திரி பத்தரை மணிக்கு என்னை பிளாக் பண்ணிட்டாங்க. இப்ப மத்தியானம் ரெண்டு மணி. இன்னும் சோறு இறங்கலை. 3,840 ரூபாய். சிலருக்கு இது ஒரு ஹோட்டல் பில்லா இருக்கலாம். எங்க வீட்டுல அது உளுந்து வித்த காசு.

என்ன பண்ணணும், என்ன பண்ணக்கூடாதுன்னு கடைசியில விவரமா எழுதுறேன். முதல்ல நடந்ததைச் சொல்லிடுறேன், இல்லாட்டி மண்டை வெடிச்சிடும்.

எங்களுக்குக் கும்பகோணத்துக்கும் பாபநாசத்துக்கும் நடுவுல ஒரு கிராமம். ரெண்டு பொண்ணுங்க. பெரியவ இந்த வருஷம் நாலாவது, சின்னவ ஒண்ணாவது. பேரை இங்க எழுத மாட்டேன், ஏன்னு பின்னாடி புரியும். பெரியவ பேர்ல ஒரு ழ வரும், அது மட்டும் தெரிஞ்சா போதும்.

டெல்டாவுல பிள்ளை வளர்க்கிறவங்களுக்கு ஜூன் மாசம் எப்படின்னு தெரியும். ஜூன் 12 மேட்டூர் திறப்பாங்கன்னு ஒரு பக்கம் குறுவைக்கு நாத்தங்கால், விதை நெல்லு, டிராக்டர் உழவுன்னு காசு போய்க்கிட்டே இருக்கும். அதே வாரத்துல ஸ்கூல் பீஸ், புக், யூனிஃபார்ம், ஷூ. பக்கத்து வீட்டுப் பாப்பா அரசுப் பள்ளிக்கூடம். பை, நோட்டு, காலணி, சீருடை எல்லாம் அரசாங்கமே குடுத்துடுது. நாங்கதான் பெருமைக்குப் பிரைவேட்ல போட்டுட்டு முழிக்கிறோம். அதனால இந்த வருஷம் பைக்கு மட்டும் எங்க அத்தை, அதாவது மாமியார், காசு குடுத்தாங்க. தாளடி அறுக்குறதுக்கு முன்னாடியே நிக்கிற பயிருக்குள்ள தெளிச்ச உளுந்து. பங்குனி வெயில்ல செடி பிடுங்கி, களத்துல காயப்போட்டு, முறத்துல புடைச்சு வித்த காசுல நாலாயிரத்தை எண்ணி, “பேத்திகளுக்கு நல்ல பையா வாங்கு, போன வருஷம் மாதிரி ஆறு மாசத்துல ஜிப்பு போறதை வாங்காதே”ன்னு குடுத்தாங்க.

அந்தப் பேஜ் எப்படி கண்ணுல பட்டுச்சுன்னா, ஸ்கூல் அம்மாக்கள் வாட்ஸ்அப் குரூப்புல ஒருத்தங்க ஷேர் பண்ணாங்க. அவங்களும் வாங்கினதில்ல, சும்மா அழகா இருக்குன்னு போட்டிருக்காங்க. அதை நான் அப்ப கேட்கலை. படம் போடுற ஆப்ல ஒரு பேஜ், பதினெட்டாயிரம் பேர் பாலோ பண்றாங்க. பை, டிபன் பாக்ஸ், தண்ணி பாட்டில் எல்லாத்துலயும் பிள்ளை பேரைப் போட்டுத் தருவாங்களாம். கூட ஒரு இலவசம்: நோட்டுல ஒட்டுற லேபிள் நாப்பது. அதுல பிள்ளை போட்டோ, பேர், வகுப்பு, பிரிவு, ஸ்கூல் பேர் எல்லாம் அச்சடிச்சு வரும்.

கணக்கு இதுதான். பை 1,190, ரெண்டுக்கு 2,380. டிபன் பாக்ஸும் பாட்டிலும் சேர்ந்த செட் 650, ரெண்டுக்கு 1,300. அனுப்புற செலவு 160. ஆக 3,840. முதல்ல 500 அட்வான்ஸ், பேர் போட்ட டிசைன் பார்த்து ஓகே சொன்னப்புறம் மீதி 3,340.

மே ரெண்டாவது வாரம் பிள்ளைகளைத் தரங்கம்பாடிக்குக் கூட்டிட்டுப் போனோம். லீவு பூரா வீட்டுலயே கிடக்குதுங்க, காவிரியும் மணலா கிடக்குது, குளிக்கக்கூட வழியில்லை. சரி, கடலாவது பார்க்கட்டும்னு அத்தை புளிசோறும் உருளைக்கிழங்கு வறுவலும் கட்டிக் குடுத்தாங்க. காலையில முதல் பஸ்ஸு, மாயவரத்துல மாறி, பத்து மணிக்கெல்லாம் கோட்டை முன்னாடி நின்னோம். 1620-ல டேனிஷ்காரங்க கட்டினது. உள்ள மியூசியத்துல பீங்கான் தட்டையும் பழைய ஜாமானையும் பார்த்துட்டு சின்னவ “இதெல்லாம் யாரு வீட்டுதும்மா?”ன்னு கேட்டுக்கிட்டே வந்தா. அப்புறம் மணல், கிளிஞ்சல், ஈரப் பாவாடை. சொல்லவே வேண்டாம், நல்லா இருந்துச்சு. அந்த நாளை நினைச்சாலே இப்ப இந்தக் கருமம்தான் ஞாபகம் வருது, அதுக்கே தனியா கோவம் வருது.

கோட்டை நிழல்ல உட்கார்ந்து புளிசோறு தின்னுக்கிட்டு இருக்கும்போதுதான் அந்த வாய்ஸ் மெசேஜ் வந்துச்சு. ஒரு சின்னப் பொண்ணு குரல். கேட்டா நம்ம பக்கத்துப் பொண்ணு மாதிரியே இருக்கும்.

“அக்கா, பெரிய பாப்பா பேர்ல வர்றது மழைக்கு வர்ற ழ-வாக்கா? இங்கிலீஷ்ல இசட் எச் போடவா, இல்ல எல் போடவா? தப்பா போட்டுட்டா பாப்பா ஸ்கூல்ல அழுவாங்கல்லக்கா, அதான் கேட்டுக்கிறேன்.”

நான் விழுந்தது இந்த இடத்துலதான். ஸ்கூல் ரெஜிஸ்டர்ல எல் போட்டு என் பொண்ணு பேரையே மாத்தி வச்சிருக்காங்க. மூணு வருஷமா எழுதிக் குடுத்தும் மாத்தலை. மிஸ்ஸுங்க கூப்பிடுறதும் அப்படியேதான். முகம் தெரியாத ஒரு பொண்ணு அந்த ஒரு எழுத்துக்காக மெனக்கெட்டுக் கேட்குதேன்னு எனக்கு உருகிப்போச்சு. வீட்டுக்காரர்கிட்ட போட்டுக் காட்டினேன். அவரும் “பரவாயில்லையே”ன்னார். அந்த ஊரு வேற தமிழ் எழுத்தை ஈயத்துல வார்த்து, சீகன்பால்குங்கிற ஜெர்மன் பாதிரியார் 1715-ல பைபிளோட புதிய ஏற்பாட்டைத் தமிழ்ல அச்சடிச்ச ஊரு. அங்க உட்கார்ந்து ஒரு ழ-வுக்காக ஏமாந்திருக்கேன். சிரிக்கிறதா அழுவுறதான்னு தெரியலை.

அங்கேயே 500 அனுப்பிட்டேன். ரெண்டு பிள்ளை போட்டோவும் அனுப்பிட்டேன். ஸ்கூல் பேர், வகுப்பு, பிரிவு எல்லாம் டைப் பண்ணி அனுப்பினேன். கடல்காத்துல டவர் விட்டு விட்டு வந்துச்சு, போட்டோ போக மாட்டேங்குதுன்னு எழுந்து வெயில்ல போய் நின்னு அனுப்பினேன். அவ்வளவு ஆர்வம் எனக்கு.

மூணாம் நாள் டிசைன் வந்துச்சு. ஊதா கலர் பை, மேல வெள்ளை நூல்ல பெரியவ பேரு, இசட் எச்சோட. சின்னவளுக்கு மஞ்சள். நிஜமாவே தைச்ச மாதிரி இருந்துச்சு. படத்து மேல எழுத்தை ஒட்டினதுன்னு இப்ப உத்துப் பார்த்தா தெரியுது: பை மடிஞ்சிருக்கிற இடத்துல எழுத்து மடியலை. அன்னைக்கு அது கண்ணுக்குத் தெரியலை. மீதி 3,340-ஐயும் போட்டுட்டேன்.

அதுக்கப்புறம்தான் ஆட்டம்.

முதல் வாரம் முழுக்க நான் ‘அக்கா’. “டெஸ்பாட்ச் ஆயிடுச்சுக்கா.” “டிராக்கிங் நாளைக்கு அப்டேட் ஆகும்கா.” “சீசன்கா, கூரியர்ல லோடு தேங்கிக் கிடக்கு.” நம்பர் குடுத்தாங்க, போட்டுப் பார்த்தா சேலம்னு காட்டுது. சின்னவ தினமும் காலையில என் போனை எடுத்து “என் பை எந்த ஊர்ல இருக்கு?”ன்னு கேட்பா. சேலம்னு சொன்னதும் அவ பாட்டுக்கு “எம்பை சேலத்துல இருக்கு”ன்னு தெரு பூரா சொல்லிட்டா.

பத்து நாள் ஆகியும் சேலத்தை விட்டு நகரலை. கும்பகோணத்துல அந்தக் கூரியர் ஆபீசுக்கே நேரா போய் நம்பரைக் காட்டினேன். அங்க இருந்த தம்பி பார்த்துட்டு, “இது சேலத்துலயே ஒருத்தருக்கு டெலிவரி ஆயிடுச்சேக்கா, வெயிட் இருநூறு கிராம்”ங்குது. இருநூறு கிராம்! ரெண்டு பை, ரெண்டு டிபன் பாக்ஸ், ரெண்டு பாட்டில், நாப்பது லேபிள். எல்லாம் சேர்ந்து இருநூறு கிராமா? யாரோ யாருக்கோ அனுப்பின பார்சல் நம்பரை எடுத்து என் தலையில கட்டியிருக்காங்க.

அதைக் கேட்ட நிமிஷத்துலேர்ந்து நான் ‘மேடம்’ ஆயிட்டேன். அந்தப் பொண்ணு குரலைக் காணோம், ஒரு ஆம்பளைக் குரல். “மேடம், வெயிட் தப்பா காட்டும்.” “மேடம், டீம் செக் பண்றாங்க.” “மேடம், பேர் போட்ட ஐட்டத்துக்கு ரிட்டர்ன் ரீஃபண்ட் கிடையாது, பாலிசி படிச்சுட்டுத்தானே ஆர்டர் போட்டீங்க?” ஏன்யா, கைக்கு வந்தாத்தானே திருப்பிக் குடுக்கிறதுக்கு? வராத பொருளுக்கு என்ன பாலிசி?

திங்கக்கிழமை ஸ்கூல் திறந்துச்சு. முதல் நாள் ரெண்டும் பழைய பையிலயே போச்சுங்க, சின்னவளுக்கு எல்கேஜி பை. புக் உள்ள போகாம ஜிப்பு பாதியில நின்னுச்சு.

நேத்து சாயங்காலம் போலீசுக்குப் போறேன்னு மெசேஜ் போட்டேன். உடனே பதில், உடனே! “மேடம் கோவப்படாதீங்க, ஃபுல் ரீஃபண்ட் தர்றோம். இந்த க்யூஆரை ஸ்கேன் பண்ணி பின் போடுங்க, 3,840 உங்க கணக்குல ஏறிடும்.” எனக்கு அந்த நேரத்துல புத்தி எங்க போச்சோ தெரியலை. அத்தை போனை வாங்கி அந்தக் க்யூஆர் படத்தைத் திறந்து வச்சு, என் போன்ல ஸ்கேனும் பண்ணிட்டேன். பின் போடப் போறேன், பக்கத்துல வீட்டுப்பாடம் எழுதிக்கிட்டு இருந்த பெரியவ எட்டிப் பார்த்து, “அம்மா, இதுல ‘பே’ன்னுல்ல போட்டிருக்கு? அவங்கதானே நமக்குத் தரணும்?”னு கேட்டா.

நாலாவது படிக்கிற பிள்ளைக்குத் தெரியுது. அவ பார்க்கலைன்னா இன்னொரு 3,840 போயிருக்கும்.

நான் திட்டி ஒரு மெசேஜ் போட்டேன். அவ்வளவுதான், பேஜையே காணோம்.

இன்னைக்குக் காலையில பேங்க்குக்குப் போனா, “நீங்களே பின் போட்டு அனுப்பினதும்மா, நாங்க என்ன பண்றது?”ன்னு கம்ப்யூட்டர்லேர்ந்து தலையைத் தூக்காமலே சொல்றாங்க. ஒரு பாரமாவது குடுங்கன்னா “மெயின் பிராஞ்ச்ல கேளுங்க”ங்கிறாங்க. பேஜைப் பத்தி ஆப்ல புகார் போட்டதுக்கு வந்த பதில்: எங்க விதிமுறை எதையும் மீறலையாம். நன்றியாம்.

வீட்டுக்காரர் ஒண்ணுமே சொல்லலை, “விடு”ன்னுட்டு வயலுக்குப் போயிட்டார். அத்தைதான் சுவத்துல சாஞ்சு உட்கார்ந்து, “ஏம்மா, கடைத்தெரு என்ன சீமையிலயா இருக்கு?”ன்னாங்க. ஒரே ஒரு தடவைதான். அது போதும்.

இதுக்கெல்லாம் மேல ஒண்ணு இருக்கு. காலையில என் தங்கச்சி போன்லேர்ந்து அந்தப் பேஜைத் தேடினோம். பேரை மாத்தியிருக்காங்க, ஆனா படமெல்லாம் அதே. மேல இருந்து மூணாவது படம், ஊதா பை. என் பொண்ணு பேரு, இசட் எச்சோட. கீழ “ஹேப்பி கஸ்டமர்”னு போட்டு ரெண்டு இதயம். கமெண்ட் மூடி வச்சிருக்காங்க.

3,840 போனது போகட்டும்னு ஒரு நிமிஷம் நினைக்க முடியுது. ஆனா என் பிள்ளைங்க போட்டோ, எந்த ஸ்கூல், எந்த வகுப்பு, எந்தப் பிரிவு, எல்லாம் யாரோ ஒருத்தன் போன்ல இருக்கு. என் கையாலயே எழுதிக் குடுத்திருக்கேன், வெயில்ல நின்னு. ஸ்கூலுக்குப் போன் பண்ணி, என்னையும் அவரையும் தவிர யார் வந்து கேட்டாலும் பிள்ளைகளை அனுப்பாதீங்கன்னு சொல்லிட்டேன். வேன் டிரைவர் அண்ணன்கிட்டயும் சொல்லியாச்சு.

விவரமா எழுதுறேன்னு சொன்னேன், வேன் வர்ற நேரம் ஆச்சு, சுருக்கமா சொல்றேன். பணம் போனது தெரிஞ்ச உடனே சைபர் கிரைம் உதவி எண் 1930-க்கு போன் அடிங்க, என்னை மாதிரி மூணு வாரம் ‘அக்கா அக்கா’ன்னு கேட்டுக்கிட்டு உட்காராதீங்க. எவ்வளவு சீக்கிரம் சொல்றோமோ அந்தளவுக்குப் பணத்தை எதிராளி கணக்குலயே நிறுத்தி வைக்க வாய்ப்பு இருக்காம். பணம் அனுப்பின ரசீதுல பன்னெண்டு இலக்கத்துல யுடிஆர் நம்பர் இருக்கும், அதைக் கேட்பாங்க, எடுத்து வச்சுக்கங்க. நான் இன்னைக்குப் பதிஞ்சுட்டேன். கடைக்காரன் மேல புகார்னா நுகர்வோர் உதவி எண் 1915. பணம் வாங்குறதுக்குப் பின் நம்பர் தேவையே இல்லை, எவன் கேட்டாலும் போடாதீங்க. கமெண்ட் மூடி வச்சிருக்கிற பேஜ்ல வாங்காதீங்க. குரூப்புல ஷேர் பண்றவங்களை “நீங்க வாங்கினீங்களா?”ன்னு ஒரு வார்த்தை கேளுங்க. லேபிள் வேணும்னா வெறும் லேபிள் வாங்கி நம்ம கையால எழுதி ஒட்டுங்க. பிள்ளை போட்டோ குடுக்கவே குடுக்காதீங்க.

பேங்க்லேர்ந்து வர்ற வழியில கடைத்தெருவுலயே ரெண்டு பை வாங்கிட்டேன், ஒண்ணு 650. கடைக்காரர் ஜிப்பைப் பத்து தடவை இழுத்துக் காட்டி, “ஆறு மாசத்துக்குள்ள ஜிப்பு போனா கொண்டாங்கம்மா, நான் இங்கதான் உட்கார்ந்திருப்பேன்”னார். இந்த 1,300 விதை நெல்லுக்கு வச்சிருந்தது, வீட்டுக்காரர்கிட்ட இன்னும் சொல்லலை.

ஊதா கிடைக்கலை. ரெண்டுமே நீலம்தான். எது யாருதுன்னு சண்டை வரும், ஸ்கெட்ச் பேனா எடுத்து வச்சிருக்கேன்.