தனித்தனிக் கோப்பையில் அடைத்த திருவிருந்து: மூன்று ஞாயிறுகளுக்குப் பின்

எங்கள் வீட்டுச் சபையின் திருவிருந்துக்காக, அதாவது இயேசுவின் கடைசி இராவிருந்தை நினைவுகூர்ந்து உண்ணும் பந்திக்காக, அப்பமும் திராட்சை ரசமும் ஒன்றன்மேல் ஒன்றாக அடைத்து மூடப்பட்ட சிறு பிளாஸ்டிக் கோப்பைகளை, நூறு கொண்ட பெட்டியாக இணையத்தில் வாங்கினோம். ஒன்றின் விலை ஏறக்குறைய 15 ரூபாய். ஆதித் திருச்சபை கூடிவந்தது போலவே கூடிவர வேண்டும் என்ற எண்ணத்தில் தொடங்கிய, இருபது பேர் கொண்ட கூட்டம் எங்களுடையது. பீடம் இல்லை, சம்பளப் போதகர் இல்லை, ஞாயிறுதோறும் ஒரே அப்பத்தைப் பிட்டு ஒரே பாத்திரத்தில் பருகுவோம். எங்களில் ஒரு சகோதரிக்குப் புற்றுநோய்ச் சிகிச்சை தொடங்கியபோது, பலர் வாய்வைக்கும் பாத்திரம் அவருக்கு ஆகாது என்று மருத்துவர் சொல்லிவிட்டார். அவரை மட்டும் பந்தியில் தனியே பிரித்து வைக்க மனமில்லாமல், எல்லோருக்குமாக இதை வாங்கினோம்.

பொருளின் தரத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். மேலே கண்ணாடி போன்ற மெல்லிய தாள். அதன் கீழே ஒரு ரூபாய் நாணயத்தைவிடச் சற்றுச் சிறிய வெள்ளை அப்பம். அதற்கும் கீழே அலுமினியத் தாளால் மூடிய ரசம். இரண்டு தாள்களின் நுனியும் ஒட்டிக்கொண்டிருப்பதால், மேல்தாளை மட்டும் உரிப்பதற்குக் கூரிய நகம் வேண்டும். முதல் ஞாயிறன்று மூத்தவர்களில் நால்வர் இரண்டையும் சேர்த்தே இழுத்து, வெள்ளைப் புடவையிலும் வேட்டியிலும் ஊதாக் கறை வாங்கினார்கள். அப்பத்துக்குச் சுவை என்று ஒன்றில்லை, அது நாவில் நனைந்து மேலண்ணத்தில் ஒட்டிக்கொள்கிறது. ரசம் குறை சொல்லும்படி இல்லை, இனிப்புத்தான் சற்று அதிகம். ஜெபம் முடிந்து அமைதி நிலவ வேண்டிய நேரத்தில் இருபது தாள்கள் ஒரே சமயத்தில் கிழிபடும் ஓசைக்கு மட்டும், மூன்று வாரமாகியும் எங்களுக்குப் பழக்கம் வரவில்லை.

இவையெல்லாம் பொறுத்துக்கொள்ளக்கூடிய குறைகளே. ஆனால் இரண்டாம் ஞாயிறன்று, யாரும் யாருக்கும் எதையும் கொடுக்கவில்லை என்பதைக் கவனித்தேன். வாசலருகே வைத்த தட்டிலிருந்து அவரவர் எடுத்துக்கொண்டு, அவரவர் உரித்து, அவரவர் உண்டு முடித்தோம். அப்பம் பிட்கப்படவே இல்லை. பிட்க முடியாதபடி ஏற்கெனவே துண்டாகவே வந்திருந்தது.

ஆதிச் சபையின் நடைமுறையில் எதை மீட்டெடுத்தாலும், ஒரே அப்பத்தைப் பிட்டுப் பகிர்வதை விட்டுவிட முடியாது என்பது என் கருத்து. அப்பம் ஒன்றாக இருப்பதால் உண்பவர்கள் பலராக இருந்தும் ஒரே சரீரம் என்று அப்போஸ்தலர் பவுல் கொரிந்து நகரச் சபையாருக்கு எழுதிய நிருபத்தில் வாதிடுவது, கையில் உண்மையிலேயே ஒரு முழு அப்பம் இருந்தால்தான் பொருள்படும். 1873-இல் கான்ஸ்டான்டினோப்பிளில் கிரேக்க ஆயர் ஃபிலோதியோஸ் பிரையேனியோஸ் கண்டெடுத்து 1883-இல் வெளியிட்ட, டிடாக்கே என்னும் ஆதிச் சபைக் கையேட்டிலும், மலைகளின்மேல் சிதறிக் கிடந்தது ஒன்றாகத் திரட்டப்பட்டு அப்பமானதுபோல் சபையும் பூமியின் எல்லைகளிலிருந்து திரட்டப்பட வேண்டும் என்ற ஜெபம் இருக்கிறது. திரட்டியதை மீண்டும் நூறு உறைகளாகச் சிதறடித்து விற்கும் பொருளைக் கையில் வைத்துக்கொண்டு அந்த ஜெபத்தைச் சொல்ல எனக்குக் கூச்சமாக இருந்தது.

அதற்காக நாங்கள் பழமை தவறாதவர்கள் என்று காட்டிக்கொள்ளவும் முடியாது. ஆதிச் சபையார் பருகியது தண்ணீர் கலந்த, புளித்த திராட்சை மது. புளிக்காத ரசத்தைப் பந்தியில் வைப்பதற்காகச் சூடேற்றிப் பதப்படுத்தும் முறையைத் தாமஸ் வெல்ச் என்னும் அமெரிக்கர் 1869-இல்தான் கையாண்டார். தனித்தனிக் கோப்பை அந்நாட்டுச் சபைகளில் பரவியது 1890-களில், கிருமிகளைப் பற்றிய அச்சம் பெருகிய காலத்தில். கம்பத்துப் பன்னீர் திராட்சையைக் காய்ச்சி வடிகட்டி நாங்கள் வைத்த ரசமும் வெல்ச்சின் வழிவந்ததே. தவிரவும், கொரிந்துவில் ஒருவன் பசியோடு இருக்க இன்னொருவன் குடித்து வெறிகொண்டான் என்று பவுல் கண்டித்த பந்தியும் ஆதிச் சபையின் பந்திதானே!

இப்பொருள் பொருந்தும் இடம் ஒன்று உண்டு. ஏறக்குறைய 155-ஆம் ஆண்டில் ரோமாபுரியில் எழுதிய ஜஸ்டின் என்னும் கிறிஸ்தவ ஆசிரியர், ஞாயிற்றுக்கிழமைக் கூடுகையை விவரிக்கும்போது, வர இயலாதவர்களுக்கு அவர்கள் பங்கை உதவிக்காரர்கள் கொண்டுபோய்க் கொடுத்தார்கள் என்கிறார். கொண்டுபோகப்பட்டது அதே அப்பத்தின் பங்கு என்பதால் நாங்களும் அருகிலுள்ள வீடுகளுக்குப் பிட்ட அப்பத்தையே எடுத்துச் செல்கிறோம். மருத்துவமனை வார்டில் மட்டும் வெளியில் செய்த உணவைத் தயக்கத்தோடு பார்க்கும் செவிலியர்கள், மூடி முத்திரையிட்ட இக்கோப்பையைத் தடுப்பதில்லை. கொண்டுபோனவர் தம் கையால் உரித்துக் கொடுத்தால், ஞாயிற்றுப் பந்தியில் நாங்கள் இழந்தது அங்கே ஓரளவு திரும்பக் கிடைக்கிறது.

நான்காம் ஞாயிறு முதல் பழைய முறைக்கே திரும்பிவிட்டோம், ஒரே ஒரு மாற்றத்தோடு. கோதுமை மாவில் சுட்ட அப்பத்தை, கை கழுவிவிட்டு ஒருவர் பிட்டு, முதல் துண்டை அந்தச் சகோதரியிடம் கொடுக்கிறார். பொதுப் பாத்திரத்தில் பிறர் வாய்வைக்கும் முன்பே அதிலிருந்து அவருடைய டம்ளரில் ஊற்றப்படுகிறது. எல்லோரும் உண்பது ஒரே அப்பம், பருகுவது ஒரே ரசம். இவ்வளவு எளிய வழி முதல் நாளே தோன்றாமல் போனதற்குக் கோப்பை விற்றவரைக் குறை சொல்ல இயலாது.

மீதமுள்ள கோப்பைகளை மருத்துவமனைச் சந்திப்புகளுக்கென ஒதுக்கியிருக்கிறோம். அந்தத் தேவைக்கு மட்டும் வாங்குபவர்கள் சிறிய பெட்டியாகவே வாங்கலாம்; நூறும் செலவாகும் முன் காலாவதித் தேதி வந்துவிடும். உடன் ஒரு சிறு கத்தரிக்கோலையும் பையில் வைத்துக்கொள்ளுங்கள்.