குறைந்த செலவில் நிறைவான இசை: பயனியர் எஸ்பி-பிஎஸ்22 ஸ்பீக்கர்களும் ஒரு சிறிய ஆம்ப்ளிஃபயரும்

வீட்டில் அமர்ந்து இசை கேட்பதற்காகக் குறைந்த செலவில் ஓர் ஒலியமைப்பை உருவாக்க விரும்புகிறவர், கையில் உள்ள தொகையில் பாதிக்கு மேல் ஸ்பீக்கர்களுக்கே ஒதுக்கிவிட வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. ஆம்ப்ளிஃபயரின் வேலையையும், டிஜிட்டல் கோப்பை அனலாக் ஒலியலையாக மாற்றும் வேலையையும் இன்று சிறு சில்லுகள் செய்துவிடுகின்றன. அவற்றில் மலிவானவை செய்யும் பிழைகள்கூடப் பெரும்பாலும் காதுக்கு எட்டுவதில்லை. ஸ்பீக்கரின் நிலை வேறு. அது ஒரு கூம்பை அசைத்துக் காற்றைத் தள்ளித்தான் ஒலி எழுப்ப வேண்டும் என்பதால், சங்கிலியில் உள்ள எல்லாக் கருவிகளிலும் அதன் பிழைகளே மிகப் பெரியவை. இந்தக் கணக்கை முன்வைத்து நான் சேர்த்த அமைப்பில் இருப்பவை: ஏற்கெனவே ஒருவர் பயன்படுத்திய பயனியர் எஸ்பி-பிஎஸ்22-எல்ஆர் ஸ்பீக்கர் இணை, டிபிஏ3116 சில்லில் இயங்கும் ஒரு சிறிய ஆம்ப்ளிஃபயர், கைப்பேசியில் செருகும் யூஎஸ்பி-சி ஹெட்ஃபோன் அடாப்டர், சில மீட்டர் செம்புக் கம்பி.

ஸ்பீக்கர்களை வடிவமைத்தவர் ஆண்ட்ரூ ஜோன்ஸ். முன்னர் கேஇஎஃப் என்ற பிரிட்டிஷ் ஸ்பீக்கர் நிறுவனத்தில் பணியாற்றியவர். பயனியரின் உயர்விலைப் பிரிவான டிஏடி-க்காக மிக விலையுயர்ந்த ஸ்பீக்கர்களை உருவாக்கியவர். அந்த அனுபவத்தை அவர் மலிவான பெட்டி ஒன்றில் எங்கே செலவிட்டார் என்று பார்ப்பதுதான் இந்த ஸ்பீக்கரைப் புரிந்துகொள்ளும் வழி. 32 செ.மீ. உயரமும் ஏறத்தாழ 4 கிலோ எடையும் கொண்ட பெட்டி. கீழ், நடு ஒலிகளை எழுப்பும் 4 அங்குல வூஃபர், மேல் ஒலிகளை எழுப்பும் 1 அங்குலத் துணி டோம் (கவிகை) ட்வீட்டர், வளைந்த பக்கச் சுவர்கள், பின்புறத்தில் காற்றுத் துளை. இவை எல்லாம் வெளியே தெரிபவை. உண்மையான வேறுபாடு உள்ளே, ஒலியை அலைவெண் வாரியாக வூஃபருக்கும் ட்வீட்டருக்கும் பிரித்துக் கொடுக்கும் சுற்றான கிராஸ்ஓவரில் இருக்கிறது. மிக மலிவான ஸ்பீக்கர்கள் பலவற்றில் ட்வீட்டருக்கு முன் ஒரே ஒரு கெபாசிட்டர் மட்டும் இருக்கும். வூஃபருக்கு எந்தத் தடுப்பும் இராது. எனவே வூஃபர் தனக்குப் பொருந்தாத உயர் அலைவெண்களையும் பாட முயன்று கரகரப்பைச் சேர்க்கும். இரண்டும் ஒருசேர ஒலிக்கும் பகுதியில் ஒன்றையொன்று அழித்துக்கொள்ளும். எஸ்பி-பிஎஸ்22-இல் வூஃபர், ட்வீட்டர் இரண்டுக்கும் முறையான வடிப்பான்கள் உண்டு. கிராஸ்ஓவரில் மொத்தம் 6 உறுப்புகள்.

இதன் பயன் காதில் உடனே தெரிகிறது. கனடாவின் தேசிய ஆராய்ச்சி மன்றத்திலும் பின்னர் ஹார்மன் நிறுவனத்திலும் ஃபிளாய்ட் டூல் நடத்திய ஆய்வுகள், எந்த ஸ்பீக்கர் ஒலிக்கிறது என்று அறியாமல் கேட்கும்போது பெரும்பாலோர் நேர் எதிரே எல்லா அலைவெண்களையும் சமமாகவும் பக்கவாட்டில் சீராகவும் ஒலிக்கும் ஸ்பீக்கரையே விரும்புகிறார்கள் என்று காட்டின. அந்தச் சீர்மை இந்தச் சிறு பெட்டியில் பெருமளவு இருக்கிறது. தனிக்குரல் பாடும்போது குரல் இரு பெட்டிகளுக்கும் நடுவே நிலையாக நிற்கிறது. சற்று நகர்ந்து அமர்ந்தாலும் அதன் ஒலிநிறம் மாறுவதில்லை. வயலினின் மேல் தந்தி உறுத்தாமல், அதே சமயம் மழுங்காமல் ஒலிக்கிறது. மேல் அலைவெண்களில் மினுமினுப்பை எதிர்பார்ப்பவருக்கு இது சற்று அடக்கமாகத் தோன்றலாம். எனக்கு அந்த அடக்கமே நெடுநேரம் சோர்வின்றிக் கேட்க உதவுகிறது.

மிருதங்கத்தின் தொப்பியில் (கீழ்ச்சுருதி தரும் பக்கத்தில்) எழும் ஆழ்ந்த கும்காரத்தில்தான் இதன் எல்லை தெரிகிறது. அடி விழுவது தெளிவாகக் கேட்கிறது, ஆனால் அதன் கனம் முழுமையாக வந்து சேர்வதில்லை. ஸ்பீக்கரின் கீழ் எல்லை 55 ஹெர்ட்ஸ் என்று நிறுவனம் குறிப்பிடுகிறது. அந்த எல்லையை நெருங்கும்போதே வலிமை குறையத் தொடங்கிவிடுகிறது. இதற்கு வடிவமைப்பாளரைக் குறை சொல்ல முடியாது. அலைவெண் பாதியாகும்போது அதே ஒலியளவை எழுப்பக் கூம்பு 4 மடங்கு தொலைவு அசைய வேண்டும். 4 அங்குலக் கூம்புக்கு அவ்வளவு இடம் கிடையாது.

ஆம்ப்ளிஃபயரைப் பற்றி வாங்குபவர் அறிந்திருக்க வேண்டிய ஒன்று உண்டு. பெட்டியில் அச்சிட்டிருக்கும் வாட் எண்ணைவிட, அதனுடன் வரும் பவர் அடாப்டரின் வோல்ட் எண்ணே முக்கியம். டிபிஏ3116 சில்லு 4 ஓம் ஸ்பீக்கரில் சேனலுக்கு 50 வாட் தரும் என்று அதைத் தயாரிக்கும் டெக்சஸ் இன்ஸ்ட்ருமென்ட்ஸ் கூறுவது 21 வோல்ட் மின்னழுத்தத்தில். அதே சில்லை 12 வோல்ட் அடாப்டரில் இணைத்து 6 ஓம் ஸ்பீக்கரை இயக்கினால், கணக்குப்படி அதிகபட்சம் 12 வாட். இழப்புகள் போக 10 வாட் அளவே கிடைக்கும். 24 வோல்ட் கொடுத்தால் அந்த உச்சவரம்பு 4 மடங்காகும். பெட்டியில் 100 வாட் என்று எழுதி, உள்ளே 12 வோல்ட் அடாப்டரை வைத்து விற்பது வாங்குபவரை ஏமாற்றுவதே என்று கருதுகிறேன். சில்லு 26 வோல்ட் வரை தாங்கும் என்றாலும், சுற்றுப்பலகையில் உள்ள கெபாசிட்டர்கள் எத்தனை வோல்ட் தாங்கும் என்று பார்த்த பிறகே அடாப்டரை மாற்ற வேண்டும்.

எவ்வளவு வாட் தேவை என்பதையும் நிதானமாகக் கணக்கிடலாம். இந்த ஸ்பீக்கரின் உணர்திறன், அதாவது குறிப்பிட்ட மின்னழுத்தத்துக்கு அது எழுப்பும் ஒலியளவு, 2.83 வோல்ட்டில், 1 மீட்டர் தொலைவில் 85 டெசிபெல். சற்றுக் குறைந்த எண்தான். தொலைவு இரட்டிக்கும்போது திறந்த வெளியில் 6 டெசிபெல் குறையும், அறைக்குள் அதைவிடக் குறைவாகக் குறையும். இரண்டாவது ஸ்பீக்கர் சுமார் 3 டெசிபெலைத் திருப்பித் தரும். ஆக, 2 மீட்டர் தள்ளி அமர்கிறவருக்கு 1 வாட் சொச்சத்திலேயே 80 டெசிபெலுக்கு மேல் கிடைத்துவிடுகிறது. ஆனால் இசையில் திடீரென எழும் உச்சங்கள் சராசரியைவிட 10 டெசிபெலுக்கு மேல் உயரக்கூடியவை. ஒவ்வொரு 10 டெசிபெலுக்கும் 10 மடங்கு வாட் வேண்டும். எனவே நடுத்தர அறைக்கு 24 வோல்ட் அடாப்டரோடு கூடிய ஆம்ப்ளிஃபயரையே பரிந்துரைக்கிறேன். இந்தச் சில்லு தன் வெளியீட்டைச் சரிபார்த்துத் திருத்திக்கொள்ளும் பின்னூட்டம், வெளியீட்டு வடிப்பானுக்கு முன்பே முடிந்துவிடுவதால், இணைக்கும் ஸ்பீக்கரைப் பொறுத்து உச்ச அலைவெண்களின் அளவு சிறிது மாறும் என்பதும் உண்மை. இந்த இணையில் அது என்னை உறுத்தவில்லை.

கைப்பேசியில் செருகும் ஹெட்ஃபோன் அடாப்டரின் வெளியீடு ஏறத்தாழ 1 வோல்ட். ஒரு சிடி பிளேயர் வழக்கமாகத் தரும் 2 வோல்ட்டில் பாதி என்பதால் வால்யூம் குமிழைச் சற்றுக் கூடுதலாகத் திருப்ப வேண்டியிருக்கிறது, அவ்வளவுதான். கம்பிக்கு 16 கேஜ் தடிமனுள்ள சாதாரணச் செம்பு போதும். 5 மீட்டர் நீளத்துக்குப் போகவும் வரவும் சேர்த்து அதன் மின்தடை 0.13 ஓம் அளவே. 6 ஓம் ஸ்பீக்கருக்கு அது பொருட்டல்ல. வெள்ளி முலாம், தனிச்சிறப்பு உறை என்று விற்கப்படும் கம்பிகளுக்குத் தரும் பணத்தை ஸ்டாண்டு வாங்கச் செலவிடுவது நல்லது.

ஏனெனில் காசு செலவில்லாமலோ சிறு செலவிலோ கிடைக்கும் மிகப் பெரிய முன்னேற்றம் ஸ்பீக்கரை வைக்கும் இடத்தில் இருக்கிறது. ட்வீட்டர் அமர்ந்திருப்பவரின் காது உயரத்தில் இருக்க வேண்டும். இரு ஸ்பீக்கர்களும் கேட்பவரும் ஏறத்தாழச் சமபக்க முக்கோணத்தின் முனைகளாக அமைய வேண்டும். பின்புறத் துளை உள்ள பெட்டி என்பதால் புத்தக அலமாரிக்குள் திணிக்கக் கூடாது. சுவரிலிருந்து ஒரு கை நீளம் முன்னே கொண்டுவந்தால் கீழ்ச்சுருதிகளில் மூட்டம் விலகித் தெளிவு வருகிறது. மிகவும் மெலிந்துவிட்டதாகத் தோன்றினால் விரல் விரலாகப் பின்னே நகர்த்திச் சமன் காணலாம். அறையின் தன்மையை இதோடு சேர்த்தே பார்க்க வேண்டும். 4 மீட்டர் நீளமுள்ள அறையில் 43 ஹெர்ட்ஸ் அருகே, சுவர்களுக்கிடையே எதிரொலித்து ஓரிடத்தில் நிலைகொள்ளும் நிலையலை உருவாகும். கேட்பவர் அறையின் நட்டநடுவில் அமர்ந்தால் அந்தச் சுருதி கிட்டத்தட்டக் காணாமல் போய்விடும், சுவரை ஒட்டி அமர்ந்தால் பொங்கி வழியும். ரூம் ஈக்யூ விசார்ட் என்ற இலவச மென்பொருளும் ஓர் அளவீட்டு மைக்கும் இருந்தால் இவை அனைத்தையும் வரைபடமாகவே பார்த்துவிடலாம்.

பயன்படுத்திய இணையை வாங்குபவர் இரு ஸ்பீக்கர்களிலும் ஒரே மோனோ ஒலிப்பதிவை மாற்றி மாற்றி ஓடவிட்டுக் கேட்க வேண்டும். ஒலிநிறம் வேறுபட்டால் ஒன்றில் ட்வீட்டரோ கிராஸ்ஓவரோ பழுதாகியிருக்கக்கூடும். வூஃபர் கூம்பின் இரு பக்கங்களிலும் விரல்களை வைத்து மிக மெதுவாக உள்ளே அழுத்தும்போது உராய்வு ஒலி கேட்கக் கூடாது. ட்வீட்டர் டோமைத் தொடவே வேண்டாம்.

கீழ்ச்சுருதிப் பற்றாக்குறை பின்னர் உறுத்தினால், ஸ்பீக்கரை மாற்றுவதைவிட கீழ்ச்சுருதிகளுக்கென்றே தனியாக அமைந்த ஸ்பீக்கரான சப்வூஃபரைச் சேர்ப்பதே சரியான அடுத்த படி. 80 ஹெர்ட்ஸ் அருகே பிரித்து, அதற்குக் கீழுள்ளவை இந்தச் சிறிய வூஃபருக்குப் போகாமல் தடுக்கும் வசதி உள்ள ஆம்ப்ளிஃபயரையோ சப்வூஃபரையோ தேர்ந்தெடுத்தால், 4 அங்குலக் கூம்பின் சுமை இறங்கி நடுச்சுருதிகளும் உரத்த ஒலியில் தெளிவாகின்றன. பல சிறிய ஆம்ப்ளிஃபயர்களில் சப்வூஃபருக்கான இணைப்பு இருந்தும் இந்தத் தடுப்பு இருப்பதில்லை. வாங்கும் முன்பே கையேட்டில் அதைப் பார்த்துவிட வேண்டும்.