தத்துப் பத்திரம் போட்டால் அமெரிக்கா என்று சொன்னால் எழுந்து வந்துவிடுங்கள்

மறுமணம் செய்துகொண்டு அமெரிக்கா போன அம்மாக்கள், இங்கே பெங்களூரில் அவர்களுடைய வளர்ந்த பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் என்னைப் போன்ற தாய்மாமன்கள், இவர்களுக்காகத்தான் இந்தப் பதிவு.

என் தங்கையின் முதல் கணவர் காலமாகிச் சில வருடம் கழித்து அவளுக்கு மறுமணம் நடந்தது. மாப்பிள்ளை நியூ ஜெர்சியில் இருக்கிற அமெரிக்கக் குடிமகன், தங்கமான மனிதர். கல்யாணத்தன்று பையனுக்கு வயது 17. இந்த 17-ஐ ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், விஷயமே அதில்தான் இருக்கிறது. தங்கை கிரீன் கார்டில் போனாள். பையன் படிப்பை முடிக்கட்டும் என்று அல்சூரில் எங்கள் வீட்டில் தங்கினான்.

அவனுக்கு 19 ஆனபோது இந்திராநகர் பக்கம் ஒரு இமிகிரேஷன் கன்சல்டன்ட்டிடம் போனோம். சுத்தமான தமிழ், ஏசி ரூம், சுவர் முழுக்கக் கொடிகள். “ஸ்டெப் சன்னா போட்டா வருஷக்கணக்குல இழுக்கும் சார். உங்க மாப்பிள்ளை தத்து எடுத்துட்டார்னா சொந்தப் பையன் மாதிரி. நேரா சிட்டிசன்ஷிப்பே வந்துடும்” என்றார். ஒன்றரை லட்சம் வாங்கிக்கொண்டார். மாப்பிள்ளை லீவு போட்டு வந்து சப் ரிஜிஸ்ட்ரார் ஆபீஸில் கையெழுத்துப் போட்டார். அப்புறம், “தத்து எடுத்து ரெண்டு வருஷம் ஆகணும், அதான் ரூல், பொறுமையா இருங்க” என்றார் கன்சல்டன்ட். இருந்தோம். பையனுக்கு 21 முடிந்தது.

மாப்பிள்ளை சந்தேகப்பட்டு அங்கே ஒரு வக்கீலிடம் பத்திரத்தைக் காட்டியிருக்கிறார். அந்தம்மா பத்திரத்தைப் புரட்டக்கூட இல்லையாம். கல்யாணத் தேதியையும் பையன் பிறந்த தேதியையும் மட்டும் கேட்டார்களாம். கேட்டுவிட்டு, “தத்தே வேண்டாமே, ஏன் எடுத்தீர்கள்?” என்றார்களாம்.

அமெரிக்கச் சட்டத்தில், பிள்ளைக்கு 18 முடியும் முன்பே கல்யாணம் நடந்திருந்தால், கணவர் தன் மனைவியின் பிள்ளைக்காக ஐ-130 மனு, அதாவது உறவினரை அழைத்துக்கொள்வதற்கான மனு, போடலாம். தத்து எதுவும் தேவையில்லை. அந்த மனு 21 முடியும் முன் போயிருந்தால், 2002-இல் வந்த சட்டப்படி வயதை மனு போட்ட தேதியிலேயே நிறுத்திவிடுவார்கள். அது குடிமகனின் நெருங்கிய உறவு என்ற பிரிவு, அதில் வருடாந்தர ஒதுக்கீடு கிடையாது, வரிசையில் நிற்க வேண்டியதில்லை. 19 வயதில் எங்கள் கையில் இருந்தது இதுதான்.

தத்தெடுப்புக்கு அங்கே விதி வேறு. 16 வயதுக்குள் எடுத்திருக்க வேண்டும் (அண்ணன் தம்பி, அக்கா தங்கையோடு சேர்த்து எடுத்தால் 18 வரை விலக்கு உண்டு), இரண்டு வருடம் பொறுப்பில் வைத்து ஒன்றாக வாழ்ந்திருக்கவும் வேண்டும். நம்மாள் சொன்ன “ரெண்டு வருஷம்” இங்கிருந்து கிழித்தெடுத்தது. 19 வயதுப் பையனுக்கு இருபது வருடம் காத்திருந்தாலும் அது பொருந்தாது. குடியுரிமை தானாக வரும் என்பதும் 18 வயதுக்குள் இருக்கிற, கிரீன் கார்டோடு அங்கேயே குடிமகனான பெற்றோரின் பொறுப்பில் வாழ்கிற பிள்ளைகளுக்கு மட்டும்தான்.

அமெரிக்காவை விடுங்கள், அந்தப் பத்திரம் இங்கேயே செல்லுமா என்பதே சந்தேகம். 1956-ஆம் வருட இந்து தத்தெடுப்பு, ஜீவனாம்சச் சட்டப்படி, 15 வயது முடிந்தவரைத் தத்தெடுக்க முடியாது, சமூக வழக்கம் அனுமதித்தால் ஒழிய. பதிவு செய்துவிட்டதாலேயே செல்லாதது செல்லுபடியாகிவிடாது.

ஒரே ஒரு விஷயத்தில் தங்கை தப்பித்தாள். பாஸ்போர்ட்டில் அப்பா பெயரை மாற்றச் சொன்னார் அந்த ஆள். “செத்துப்போன மனுஷன் பேரை எதுக்குண்ணா அடிக்கணும்?” என்று மறுத்துவிட்டாள். மாற்றியிருந்தால் பிறப்புச் சான்றிதழ் ஒன்று சொல்லும், பாஸ்போர்ட் ஒன்று சொல்லும். முதல் கணவரின் இறப்புச் சான்றிதழையும் காட்ட வேண்டிய மனுவில் அது எத்தனை கேள்வியைக் கிளப்பியிருக்கும்!

இப்போது மாப்பிள்ளை எஃப்1 பிரிவில் மனு போட்டிருக்கிறார், குடிமகனின் கல்யாணமாகாத 21 தாண்டிய மகன் என்று. இன்று வரிசையில் முன்னால் இருப்பவர்கள் எட்டு ஒன்பது வருடத்துக்கு முன் மனு போட்டவர்கள். இடையில் பையன் கல்யாணம் செய்தால் எஃப்3, அது இன்னும் நீளம். “மாமா, எனக்குப் பொண்ணு பார்க்கிற வேலையை நிறுத்திடுங்க” என்று சிரிக்கிறான். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

பணத்தைத் திருப்பிக் கேட்டோம். ரசீதில் “தத்துப் பத்திர ஆலோசனை” என்றுதான் போட்டிருக்கிறது, பத்திரம்தான் பதிவாகிவிட்டதே, வேலை முடிந்தது என்கிறார். அந்த ரசீதை அன்றே எழுதியது எவ்வளவு முன்யோசனை பாருங்கள். மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் புகார் கொடுத்திருக்கிறோம். ஐந்து லட்சம் வரை கட்டணம் கிடையாது, இரண்டு வருடக் கெடு உண்டு. வாட்ஸ்அப்பில் அவர் அனுப்பிய குரல் பதிவுகள் எல்லாவற்றையும் சேர்த்துக் கொடுத்தோம்.

உங்கள் வீட்டில் கல்யாணம் பிள்ளைக்கு 18 முடிந்த பிறகு நடந்திருந்தால், மாற்றாந்தந்தை மனு போடவே முடியாது, தத்தும் உதவாது. கிரீன் கார்டு வாங்கிய அம்மாவே தன் பிள்ளைக்காக மனு போட வேண்டும். யாரிடம் போனாலும் ஜி-28 படிவத்தில் (உங்கள் மனுவுக்கு வக்கீல் இவர்தான் என்று சொல்லும் படிவம்) கையெழுத்துப் போடுகிற அமெரிக்க வக்கீல் யார் என்று கேளுங்கள். மனு போயிருந்தால் ரசீது எண் வரும், அமெரிக்க அரசு இணையதளத்தில் நீங்களே பார்க்கலாம். எங்களுக்கு அப்படி ஒரு எண்ணை அந்த ஆள் கடைசிவரை காட்டவில்லை.

இதே மாதிரி எங்காவது பணம் கட்டிவிட்டுக் காத்திருப்பவர்கள், பிள்ளைக்கு 21 இன்னும் முடியவில்லை என்றால், சண்டையை அப்புறம் வைத்துக்கொண்டு முதலில் ஐ-130-ஐ அனுப்புங்கள்.